கீழ்வீட்டில் இருப்பதா, கிளம்புவதா? மழைக்கு முந்தின நாள் கணக்கு

அக்டோபர் பாதி தாண்டியதும் சென்னை வேளச்சேரியில் எங்கள் தெருவில் பேச்சு மாறிவிடும். காலையில் பால் வாங்கப் போகிறவர்கள் ஒருவரையொருவர் பார்த்தால் "சாப்டாச்சா?" என்று கேட்பதில்லை. "எங்க இருக்காம்?" என்று கேட்கிறார்கள். ஆள் யாரும் இல்லை, காற்றழுத்தத் தாழ்வுப் பகுதியைத்தான் விசாரிக்கிறார்கள். தென்கிழக்கு வங்கக் கடலில் இருக்கிறதாம், மேற்கு வடமேற்காக நகர்கிறதாம், இரண்டு நாளில் வலுப்பெறுமாம். அடுத்த கேள்வியும் தயாராக இருக்கும்: "அப்ப என்ன பண்ணப் போறீங்க? இருக்கப் போறீங்களா, கிளம்பறீங்களா?"

நாங்கள் தரைத்தளத்தில் இருக்கிறோம். அம்மாவுக்கு எழுபது வயது தாண்டிவிட்டது, முழங்கால் வலி. இந்தக் கேள்விக்கு மூன்று முறை மூன்று விதமாகப் பதில் சொல்லிப் பார்த்திருக்கிறோம். 2015இல் வீட்டிலேயே இருந்தோம். 2023 மிக்ஜாம் புயலுக்கு மாடி வீட்டுக்குப் போனோம். 2024 அக்டோபரில் அண்ணா நகரில் இருக்கும் மாமா வீட்டுக்குக் கிளம்பிவிட்டோம், அந்த முறை மழை எங்களை ஏமாற்றியது. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது இதுதான்: எங்கே போகிறோம் என்பதைவிட எப்போது போகிறோம் என்பதுதான் பெரிய வித்தியாசம். அதைச் சொல்வதற்கு முன், வரப்போவது என்ன என்று படிக்கத் தெரிய வேண்டும்.

வானிலை ஆய்வு மையம் 24 மணி நேர மழையை காலை 8.30க்கு அளந்து கணக்கை முடிக்கிறது. 6.45 சென்டிமீட்டர் முதல் 11.55 வரை கனமழை. அதற்கு மேல் 20.44 வரை மிக கனமழை. அதையும் தாண்டினால் அதி கனமழை. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்ற நிறங்கள் பெரும்பாலும் இந்தப் படிகளை ஒட்டித்தான் வருகின்றன. சிவப்புக்கு மேல் நிறம் கிடையாது. 21 சென்டிமீட்டரும் சிவப்புதான். 2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் கொட்டிய 95 சென்டிமீட்டரும் அதே சிவப்புதான். அதனால் நிறத்தை மட்டும் பார்த்து முடிவெடுப்பது, ஜுரம் இருக்கிறதா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்து மருந்து கொடுப்பது மாதிரி. அதோடு, அந்த நிறம் மாவட்டத்துக்கு. உங்கள் தெருவுக்கு அல்ல.

சென்டிமீட்டர் என்றால் சின்னதாகத் தெரியும். அரை கிரவுண்டு மனையில், அதாவது 1,200 சதுர அடியில், 20 சென்டிமீட்டர் மழை பெய்தால் விழும் தண்ணீர் சுமார் 22,000 லிட்டர். கோடையில் நாம் போன் போட்டுக் கெஞ்சி வரவழைக்கும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் கிட்டத்தட்ட இரண்டு லாரி. ஒவ்வொரு அரை கிரவுண்டுக்கும் இரண்டு லாரி, தெருவில் முப்பது வீடு. மண் தெரியாமல் சிமென்ட் போட்ட வாசல்களில் இருந்து அவ்வளவும் தெருவுக்குத்தான் வரும்.

அடுத்து, தண்ணீர் எந்த வழியாக வரும் என்பது. இதைத்தான் நிறைய பேர் குழப்பிக்கொள்கிறார்கள். சென்னையில் வீட்டுக்குள் வரும் வெள்ளம் ஒரே வகை இல்லை.

ஒன்று, ஆற்று வெள்ளம். 2015 டிசம்பர் 1ஆம் தேதி மழையில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் பதிவானது, செம்பரம்பாக்கத்தில் 47. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அன்று இரவு அடையாற்றில் விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிட்டார்கள். அது போதாதென்று வழியில் இருக்கிற ஏரிகளெல்லாம் நிரம்பி அடையாற்றிலேயே வந்து சேர்ந்தன. ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் எல்லாம் தூக்கத்தில் முழுகின. ஆற்று வெள்ளத்தின் குணம் அது. மழை விட்ட பிறகும் வரும், இரவில் வரும், ஒரு மணி நேரத்தில் முழங்காலில் இருந்து மார்புக்கு ஏறும். அடையாற்றங்கரையில் இருக்கிறவர்கள் வானத்தைப் பார்ப்பதைவிட செம்பரம்பாக்கத்தின் நீர்மட்டத்தைப் பார்ப்பது நல்லது. முழுக் கொள்ளளவு 24 அடி. 2020 நவம்பரில் நிவர் புயலின்போது 22 அடியைத் தொட்டதும் முதலில் 1,000 கன அடி திறந்தார்கள். அப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிடுகிறவரை பயமில்லை. மழை நிற்காமல் பெய்துகொண்டிருக்கும்போது திறப்பு ஆயிரத்திலிருந்து பல ஆயிரங்களுக்குத் தாவுகிறது என்ற செய்தி வந்தால், அதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை.

இரண்டாவது, எங்கள் வகை. தேங்கும் வெள்ளம். வேளச்சேரி தண்ணீர் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் போய், அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாயில் விழுந்து, முட்டுக்காடு பக்கம் கடலில் சேர வேண்டும். சதுப்பு நிலத்தைக் குப்பைமேடும் கட்டடங்களும் தின்றது போக மிச்சம்தான் இருக்கிறது. கடலில் அலை ஏற்றமாக இருக்கும் நேரத்தில் கால்வாய் நகரவே நகராது. எனவே எங்கள் வெள்ளம் வேகமாக அடித்துக்கொண்டு வராது, மெல்ல ஏறும். ஆனால் இறங்க நாலு நாள் ஆகும். ஒவ்வொரு மழைக்கும் எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் "செம்பரம்பாக்கம் திறந்தாச்சு, எல்லாரும் உஷார்" என்று யாராவது போடுவார்கள். அந்தத் தண்ணீர் எங்கள் பக்கம் வருவதே இல்லை, அது கிண்டிக்கு வடக்கே அடையாற்றில் போகிறது. சொன்னால் கேட்க மாட்டார்கள். சரி, பயந்தாவது ஜாக்கிரதையாக இருக்கட்டும் என்று நானும் விட்டுவிடுகிறேன்.

மூன்றாவது, வீட்டுக்குள் வெள்ளம் வராத ஆபத்து, இடிமழை. அதைப் பிறகு சொல்கிறேன். அதன் கணக்கு முற்றிலும் வேறு.

இப்போது வீட்டிலேயே இருப்பது. 2015இல் நாங்கள் அதைத் தேர்ந்தெடுத்தோம் என்று சொல்வதே தப்பு, எதையும் தேர்ந்தெடுக்காமல் இருந்துவிட்டோம். நவம்பர் முழுக்க மழை பார்த்து அலுத்துப்போயிருந்தோம். இன்னொரு மழை, அவ்வளவுதானே என்று எட்டரை மணிக்கு ரசம் சாதம் சாப்பிட்டுப் படுத்துவிட்டோம். ராத்திரி இரண்டு மணி இருக்கும், குளியலறையில் இருந்து ஒரு சத்தம். யாரோ ஸ்ட்ரா போட்டு இளநீரின் கடைசிச் சொட்டை உறிஞ்சுகிற மாதிரி. டார்ச் அடித்துப் பார்த்தால் தரை ஜல்லடையில் குமிழி குமிழியாகத் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது. வாசலில் அப்போது முதல் படிகூட நனையவில்லை. தரைத்தளத்துக்காரர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: வெள்ளம் வாசல் வழியாக வருவதற்கு முன்பே கழிவறை வழியாக உள்ளே வந்துவிடும். பாதாளச் சாக்கடை நிரம்பினால் அது எதிர்த்து ஏறும். வாசலில் மணல் மூட்டை அடுக்கிவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் பின்பக்கக் கதவைத் திறந்து வைத்தவர்கள் மாதிரிதான். கழிவறைக் குழியையும் தரை ஜல்லடையையும் பழைய துணி சுற்றிய மணல் பையால் அடைத்து மேலே கனம் வைக்க வேண்டும். அது கொஞ்ச நேரம்தான் தாங்கும், ஆனால் அந்தக் கொஞ்ச நேரம் பெரிய விஷயம்.

மூன்றரை மணிக்கு முட்டளவு. அம்மாவை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து நானும் பக்கத்து வீட்டுப் பையனும் தூக்கிக்கொண்டு இருட்டில் மாடிப்படி ஏறினோம். படியின் பக்கத்திலேயே ஈபி பாக்ஸ். அன்று தெருவில் கரண்ட் போயிருந்ததால் பிழைத்தோம், இதில் எங்கள் சாமர்த்தியம் எதுவும் இல்லை. பிறகு கீழே எட்டிப் பார்த்தபோது கேஸ் சிலிண்டர் ஹாலில் மிதந்து கதவில் டங் டங் என்று முட்டிக்கொண்டிருந்தது.

ஆக, கீழ்வீட்டிலேயே இருப்பதற்கு ஒரே ஒரு நியாயம் உண்டு: உங்கள் வீட்டுத் தரை தெருவைவிட மூன்று நாலு அடி உயரமாக இருந்து, 2015, 2023 இரண்டிலும் தண்ணீர் உள்ளே வராமல் இருந்தால். "இந்த ஏரியாவுல தண்ணி நிக்காது" என்று தரகர் சொன்னது கணக்கில் சேராது. எதிர்க் கடைக்காரரைக் கேளுங்கள், எதுவரை வந்தது என்று கையை வைத்துக் காட்டுவார். எங்கள் கேட்டில் 2015க்கு ஒரு கோடு, 2023க்கு ஒரு கோடு பெயின்டில் போட்டிருக்கிறோம். வாடகைக்கு வீடு பார்க்க வருகிறவர்கள் அதைப் பார்த்து அடுத்த தெருவுக்குப் போய்விடுகிறார்கள் என்று ஹவுஸ் ஓனருக்கு மனவருத்தம்.

மாடிக்குப் போவது எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி. 2023 டிசம்பர் 3ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை மாலை, நல்ல வெளிச்சம் இருக்கும்போதே மாடி வீட்டு அக்காவிடம் போய்விட்டோம். அரிசி, பருப்பு, மாத்திரை, வீட்டுப் பத்திரம், இன்வெர்ட்டர் பேட்டரி வரை மேலே. அந்த இரண்டு நாளில் நகரின் பல இடங்களில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. எங்கள் உயிருக்கும் பொருளுக்கும் ஒரு குறையும் இல்லை. மழையை ஜன்னல் வழியாகப் பார்த்தபடி பஜ்ஜி சாப்பிட்டோம் என்று சொன்னால் நம்ப வேண்டும். முதல் நாள் அப்படித்தான் போனது.

இரண்டாம் நாளிலிருந்துதான் மாடியின் மறுபக்கம் தெரிந்தது. மொத்தம் ஒன்பது பேர், ஒரு கழிவறை. கீழே சாக்கடை முழுகிவிட்டால் மாடிக் கழிவறையில் ஊற்றும் தண்ணீரும் போவதில்லை. அதை யாரும் முன்கூட்டி நினைத்துப் பார்ப்பதில்லை. சம்ப்பில் வெள்ளம் கலந்துவிட்டது, மோட்டார் முழுகிவிட்டது. மேல் தொட்டியில் இருந்த 1,000 லிட்டர்தான் எல்லாவற்றுக்கும். ஒன்பது பேர், நாலு நாள் என்று வகுத்தால் ஆளுக்கு நாளைக்கு 28 லிட்டர். ஒரு பக்கெட்டும் ஒரு குடமும். கரண்ட் இல்லை, போன் டவர் இல்லை. அக்காவின் மாமனாருக்கு இன்சுலின் பிரிட்ஜில் இருந்தது. மூன்றாம் நாள் படகு வந்தபோது எங்களுக்கு முதலில் கேட்கத் தோன்றியது சாப்பாடு அல்ல, ஐஸ்.

மாடி நல்ல வழிதான். ஆனால் அது தப்பிக்கும் வழி இல்லை, காத்திருக்கும் வழி. நாலு நாள் காத்திருக்க முடிகிற உடம்பு உள்ளவர்களுக்கு அது போதும். டயாலிசிஸ் செய்துகொள்பவர், நிறைமாதக் கர்ப்பிணி, ஆக்சிஜன் வைத்திருப்பவர், கைக்குழந்தைக்காரர் இவர்களுக்கு மாடி ஒரு பொறி. அந்த வீடுகள் மழைக்கு முந்தின நாளே மருத்துவமனைக்குப் பக்கத்தில், தண்ணீர் நிற்காத இடத்துக்குப் போய்விட வேண்டும். வேறு எந்த யோசனையும் அதற்கு ஈடில்லை. மாடிக்குப் போகிறவர்கள் தொட்டியை நிரப்பி, அதற்கு மேல் கிடைக்கிற எல்லாப் பாத்திரத்திலும், குழந்தை குளிக்கிற டப் உட்பட, பிடித்து வையுங்கள்.

உறவினர் வீடு. 2024 அக்டோபர் 14, திங்கட்கிழமை. மறுநாளில் இருந்து மழை, 16ஆம் தேதிக்குச் சிவப்பு எச்சரிக்கை. பள்ளிகளுக்கு விடுமுறை விட்டாயிற்று, ஐடி கம்பெனிகளை வீட்டிலிருந்து வேலை பார்க்கச் சொல்லியாயிற்று. கிளம்பலாம் என்றேன். அம்மா, "யாரு வீட்டுக்கும் போயி பாரமா இருக்க வேண்டாம்ப்பா" என்றாள். இதுதான் இந்த வழியில் இருக்கிற உண்மையான தடை. காசோ தூரமோ அல்ல. மாமா போனில், "அக்கா, நீ வரலன்னா நான் அங்க வந்து உன்கூட முழுகறேன்" என்றார். அதற்குப் பிறகுதான் பெட்டியை எடுத்தாள்.

அப்புறம் என்ன நடந்தது? 15ஆம் தேதி மழை பெய்தது, வடக்கே சோழவரத்தில் 30 சென்டிமீட்டர். சிவப்பு நாளான 16ஆம் தேதி நகரில் பேருக்குத்தான் தூறல். தாழ்வு மண்டலம் கொஞ்சம் வடக்கே ஒதுங்கி 17ஆம் தேதி அதிகாலை சென்னைக்கு வடக்கே கரையைக் கடந்தது. மாமா வீட்டு பால்கனியில் நின்று அம்மா காய்ந்த தெருவைப் பார்த்துக்கொண்டே, "இதுக்கா பிரிட்ஜை செங்கல் மேல ஏத்தினோம்?" என்று கேட்டாள். தெருக்குழுவில், வானிலை ஆய்வு மையத்தின் முன்னாள் இயக்குநர் ரமணன் காலத்து நகைச்சுவையெல்லாம் தூசி தட்டி எடுத்தார்கள். "லீவு விட்டா மழை வராது, தெரியாதா?"

அந்தச் சிரிப்பில் எனக்கு உடன்பாடு இல்லை. நூறு கிலோமீட்டர் இப்படியோ அப்படியோ நகர்வதுதான் வங்கக் கடல் மண்டலங்களின் இயல்பு. அதே ஆண்டு நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைத் தொட்டு, நகராமல் மணிக்கணக்கில் அங்கேயே நின்றது. புதுச்சேரியில் 46 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அடுத்த இரண்டு நாளில் கடலை விட்டு வெகுதூரத்தில் இருக்கிற ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர். சாத்தனூர் அணையில் இருந்து 1.68 லட்சம் கன அடி திறக்க வேண்டி வந்து, தென்பெண்ணை கரையோர ஊர்களுக்குள் புகுந்தது. அந்த நிற்றல் நூறு கிலோமீட்டர் வடக்கே நடந்திருந்தால் எங்கள் கேட்டில் மூன்றாவது கோடு விழுந்திருக்கும். அக்டோபரில் எங்களுக்குச் செலவானது ஒரு ஆட்டோ, கொஞ்சம் சங்கடம், மூன்று நாள் மாமி கையால் காபி. வீண் என்று எழுதினாலும் அது சின்ன வீண். 2015இல் ஒரு பிரிட்ஜ், ஒரு வாஷிங் மெஷின், இரண்டு பீரோ, அம்மாவின் கல்யாணப் புடவை.

உறவினர் வீட்டுக்குப் போவதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது, மழை தொடங்கும் முன் போய்விட வேண்டும். பாதி மழையில் கிளம்புவது எல்லா வழிகளிலும் மோசமானது. இருப்பதைவிட மோசம். துரைசாமி சுரங்கப்பாதை, அரங்கநாதன் சுரங்கப்பாதை, கணேசபுரம் எல்லாம் முதல் இரண்டு மணி நேரத்திலேயே மூடிவிடும். பேசின் பிரிட்ஜ், வியாசர்பாடி நடுவே தண்டவாளப் பாலத்தில் தண்ணீர் ஏறினால் சென்ட்ரல் ரயில்கள் ஆவடியிலோ திருவள்ளூரிலோ நின்றுவிடும். மெட்ரோ ஓடும், ஆனால் மிக்ஜாமில் புனித தோமையார் மலை நிலையத்து வாசலில் நாலடி தண்ணீர் நின்றதால் ஆலந்தூருக்குப் போய் ஏறச் சொன்னார்கள். ரயில் தயாராக இருக்கும், நாம்தான் அதுவரை நீந்த வேண்டும்.

அதனால் எங்கள் வீட்டில் ஒரு நேரம் வைத்திருக்கிறோம். முந்தின நாள் மாலை நாலு மணி. நாலு மணி வானிலை அறிக்கையில் எங்கள் மாவட்டத்துக்கு ஆரஞ்சோ சிவப்போ இருந்து, ஏற்கெனவே மண் ஊறிப்போன நவம்பராகவும் இருந்தால், கிளம்பல். அக்டோபர் முதல் மழை என்றால் மாடி போதும், பூமி கொஞ்சம் குடிக்கும். நாலு மணிக்கு எடுக்காத முடிவை பத்து மணிக்கு எடுக்கக் கூடாது. பத்து மணிக்கு ஒரே வழிதான் உண்டு, மாடிப்படி. வடகிழக்குப் பருவமழை கடலோரத்தில் பெரும்பாலும் நள்ளிரவுக்கு மேல், விடியற்காலையில்தான் முழு பலத்தைக் காட்டுகிறது. தூங்கி எழுந்து பார்த்துக்கொள்ளலாம் என்பது சென்னையில் செல்லாத யோசனை.

சொந்த ஊருக்கே போய்விடலாம் என்று சிலர். 2023 டிசம்பரில் மிக்ஜாமுக்குத் தப்பி, "இனி ஒரு மாசம் ஊர்லதான்" என்று திருச்செந்தூர் பக்கம் போனவர்கள் எனக்குத் தெரிந்தே உண்டு. இரண்டே வாரத்தில் தாமிரபரணிக் கரை முழுகியது. திருச்செந்தூரில் இருந்து கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு மாட்டிக்கொண்டு, பக்கத்துக் கிராமத்து மக்கள்தான் சமைத்துப் போட்டார்கள். மழைக்கு ஊர்ப் பாசம் கிடையாது. நீண்ட தூரம் போவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

லாட்ஜ், ஹோட்டல் அறை ஒரு நாள், இரண்டு நாளுக்குச் சரி. தண்ணீர் நாலு நாள் நின்றால் பர்ஸ் முழுகும். எச்சரிக்கை வந்த பிறகு அறை தேடினால் வாடகை ஏறியிருக்கும், ஜெனரேட்டர் எவ்வளவு நேரம் ஓடும் என்று கேட்காமல் பணம் கட்டாதீர்கள்.

நிவாரண முகாமைப் பற்றி நடுத்தர வர்க்கத்து வீடுகளில் பேசுவதே இல்லை, நம்முடைய இடம் இல்லை என்ற நினைப்பு. ஆற்றோரத்தில், ஓட்டு வீட்டில், ஷீட் போட்ட வீட்டில் இருக்கிறவர்களுக்கு மாநகராட்சிப் பள்ளியிலும் கல்யாண மண்டபத்திலும் திறக்கும் முகாம்தான் இருப்பதிலேயே நல்ல வழி. சூடான சாப்பாடு, கரண்ட், டாக்டர் மூன்றும் கிடைக்கும் இடம் அந்த நாலு நாளில் நகரத்தில் வேறு அதிகமில்லை. போகாமல் இருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் வீட்டைப் பூட்டிவிட்டுப் போனால் சாமான் போய்விடும் என்ற பயம். அதற்காக ஒரு ஆம்பளை மட்டும் காவலுக்கு என்று வீட்டில் தங்குவான். தங்குவதென்றால் அவனும் கூரைக்குக் கீழே தங்கக் கூடாது, பக்கத்தில் ஏதாவது ஒரு கான்கிரீட் மாடியில் தங்கட்டும். மாநகராட்சியின் 1913, மாநில அவசரக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டத்துக்கு 1077. இந்த மூன்றையும் போனில் அல்ல, ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

கார் விஷயத்தில் மனிதர்களைவிட அதிகமாக யோசிக்கிறோம், அதுவும் நியாயம்தான். இன்னும் மூன்று வருஷம் தவணை பாக்கி. 2024 அக்டோபரில் வேளச்சேரி மேம்பாலத்தில் இரண்டு பக்கமும் வரிசையாகக் கார்கள் நின்ற படம் நாடு முழுக்கப் போனது. அபராதம் போடுகிறார்கள் என்று பேச்சு எழுந்து, பிறகு போலீஸ் அப்படி எதுவும் போடவில்லை என்றது. மேம்பாலம் நல்ல இடமா? தண்ணீருக்கு நல்ல இடம். ஆம்புலன்ஸுக்குக் கெட்ட இடம், தீயணைப்பு வண்டிக்கும். பல மாடி கட்டணப் பார்க்கிங்கின் மேல் தளம் அதைவிட நல்லது, நாலு நாள் கட்டணம் ஒரு என்ஜின் ரிப்பேருக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. அடித்தளப் பார்க்கிங்கில் விடுவது காரைக் கிணற்றில் இறக்குவதற்குச் சமம். எதுவும் கிடைக்காவிட்டால் மாமா வீட்டுத் தெருவில் விட்டுவிட்டு, கூடவே நீங்களும் அங்கே இறங்கிக்கொள்ளுங்கள். இரண்டு முடிவுக்கும் ஒரே பயணம்.

தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் எங்கள் தெருவில் ஒருவராவது செய்கிறார். என்ஜினுக்குள் தண்ணீர் போயிருக்கும்போது சாவியைத் திருப்பினால் கனெக்டிங் ராடு வளையும். அப்படி ஆன சேதத்தைச் சாதாரண இன்சூரன்ஸ் பெரும்பாலும் ஏற்பதில்லை, என்ஜின் பாதுகாப்பு என்று தனியாகச் சேர்த்திருக்க வேண்டும். வெறும் மூன்றாம் நபர் காப்பீடு வைத்திருப்பவருக்கு வெள்ளச் சேதத்தில் ஒரு ரூபாயும் வராது. பாலிசியை இன்றே எடுத்துப் பாருங்கள், மழை வந்த பிறகு சேர்க்க முடியாது.

இனி இடிமழை. தாழ்வு மண்டலத்துக்கு நாலு நாள் முன்பே தகவல் வருகிறது. இடிமழைக்கு வருவது அடுத்த மூன்று மணி நேரத்துக்கான குறுகிய அறிவிப்பு மட்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை, மதியம் வெயில் கொளுத்தி, வேலூர், ராணிப்பேட்டை, திருவள்ளூர் பக்கம் மேகம் திரண்டு, கிழக்கே நகர்ந்து, ஆபீஸ் விடும் நேரத்துக்கோ அதற்குப் பிறகோ நகரத்துக்கு வந்து சேரும். பருவமழைக் காலத்திலும் சமயத்தில் சொல்லாமல் வரும். 2021 டிசம்பர் 30 யாருக்கும் மறந்திருக்காது. வியாழக்கிழமை மதியம் முன்னறிவிப்பே இல்லாமல் கொட்டத் தொடங்கி, அண்ணா சாலையில் நள்ளிரவு வரை வண்டிகள் நகரவில்லை. மின்சாரம் தாக்கி மூன்று பேர் இறந்தார்கள்.

இங்கே வீட்டை விட்டுக் கிளம்புவதா என்ற கேள்வியே இல்லை. ஆபீசில் இருந்து கிளம்புவதா, இருப்பதா என்பதுதான். மேற்கே வானம் கறுத்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் வண்டியை எடுப்பார்கள், "பெய்யறதுக்குள்ள போயிடலாம்." பத்தில் எட்டு பேர் பாதி வழியில் மாட்டுகிறார்கள். ரேடார் படத்தைப் பார்த்து, மேகம் வந்து சேர ஒன்றரை மணி நேரம் இருக்கிறது, வீடு அரை மணி நேரம் என்றால் கிளம்பலாம். இல்லையென்றால் கேண்டீனில் டீ சொல்லிவிட்டு உட்காருவதுதான் சரி. இடிமழை பெரும்பாலும் இரண்டு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். முழங்கால் தண்ணீரில் இருட்டில் நடந்தால் மூடி இல்லாத வடிகால் எங்கே, மின்பகிர்வுப் பெட்டி எங்கே என்று தெரியாது.

மின்னலைப் பற்றி நகரத்துக்காரர்களுக்கு அலட்சியம் அதிகம். 2022இல் மட்டும் இந்தியாவில் மின்னல் தாக்கி இறந்தவர்கள் 2,887 பேர் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு சொல்கிறது. வயலில், மேய்ச்சலில், மரத்தடியில் இருந்தவர்கள்தான் அதில் அதிகம். நகரத்தில் அந்த இடத்தை மொட்டை மாடி பிடித்திருக்கிறது, கொடியில் காயும் துணியை எடுக்கவும் வீடியோ எடுக்கவும் ஓடுகிறோம். மின்னல் தெரிந்து இடி கேட்கும்வரை எண்ணுங்கள். மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பதுக்குள் இடி கேட்டால் துணி நனையட்டும். பைக்கில் இருப்பவர்கள் புளியமரத்தடிக்கு ஒதுங்காமல் ஏதாவது ஒரு கடைக்குள் ஏறிவிடுங்கள், கண்ணாடி ஏற்றிய கார் உள்ளே இருப்பவர்களுக்குப் பாதுகாப்பானது. மின்னல் இடம் காட்டும் தாமினி செயலியை அம்மா போனிலும் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அவள் அதைப் பார்ப்பதில்லை. முட்டி வலித்தால் மழை வரும் என்கிறாள், அதுவும் பல முறை சரியாகத்தான் இருக்கிறது.

இந்த வருஷம் மாமாவிடம் செப்டம்பரிலேயே சொல்லி வைத்துவிட்டேன், நாலு மணிக் கணக்கை. மாடி வீட்டு அக்காவிடமும் சொல்லியாயிற்று. அவர் பழைய 200 லிட்டர் டிரம் ஒன்று வாங்கி மொட்டை மாடியில் வைத்திருக்கிறார், ஐஸ் பெட்டி நாங்கள் வாங்குவதாக ஏற்பாடு. பெட்டியில் பத்திரமும் மாத்திரையும் இருக்கின்றன. அம்மா தன் பங்குக்கு மிச்சமிருந்த இரண்டு பட்டுப் புடவைகளை பிளாஸ்டிக் கவரில் சுற்றி அதே பெட்டியில் அடியில் வைத்திருக்கிறாள், எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு. 2024 அக்டோபரில் செங்கல் மேல் ஏற்றிய பிரிட்ஜை நாங்கள் இன்னும் கீழே இறக்கவில்லை.